பாஸ்ரருக்குச் சொல்லவேண்டாம்

வெக்ஸ்போர்ட்டில் ஒரு வெள்ளைக்காரத் தேவாலயத்தின் பின்மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்து நடந்துவந்த அந்தச் சபைக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. அக்கம்பக்கத்துத் தமிழருக்கு அது ‘வான் சேர்ச்’. பகிடிக்குத்தான் அப்படிச் சொன்னார்கள், ஆனாலும் அதில் பொய் ஒன்றும் இல்லை. பஸ்ரியன் பாஸ்ரரின் பழைய வான் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் அந்த மண்டபத்தில் பாஸ்ரரும் அவருடைய மனைவி அருள்நாயகியும் மடக்குக் கதிரைகளும் மட்டுமே இருப்பார்கள்.

சபையில் முக்கால்வாசிப்பேர் வயதானவர்கள். பிள்ளைகள் நகருக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊரில் பெரிய பெரிய வீடுகளை வாங்கித் தாய் தகப்பனையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் ஆளுக்கொரு குளியலறை உண்டு, ஆனால் கார் இல்லாமல் ஒரு தேத்தண்ணிக் கடைக்குக்கூடப் போக வழியில்லை. கிழமை முழுக்க யன்னலால் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, ஞாயிறு மத்தியானம் பாஸ்ரர் வாசலில் வந்து ஹோர்ன் அடித்தால்தான் வெளியுலகம்.

பஸ்ரியன் மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அகதியாக இங்கே வந்து, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு வருடக்கணக்காகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஒரு குளிர்காலத்தில் கூட வேலைசெய்தவன் ஒருவன் ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதன்பிறகு அவர் பழைய கோயிலுக்குத் திரும்பவில்லை. கிழமை நாட்களில் பஸ், இரவில் வேதப்படிப்பு என்று ஓடி ஓடியே பாஸ்ரரானவர். “கூட்டுக்குள்ளை முகத்தை மறைச்சுக்கொண்டு இருக்கிற சுவாமியாரிட்டை முழங்காலிலை நிண்டு பாவம் சொல்லுறதை விட்டதுதான் எனக்குப் பெரிய விடுதலை” என்று பிரசங்கத்தில் அடிக்கடி சொல்லுவார். “ஆண்டவருக்கும் எங்களுக்கும் நடுவிலை இன்னொரு ஆள் என்னத்துக்கு?”

சொந்தப் பிள்ளைகளுக்கு அந்த வானில் இடம் கிடைத்ததேயில்லை. றூபனும் மெலிசாவும் சின்ன வயதிலிருந்து தாயோடு பஸ் ஏறித்தான் சபைக்குப் போனார்கள். வளர்ந்ததும் மெலிசா கலியாணம் கட்டி ஒட்டாவாவுக்குப் போனாள். றூபன் ஒஷாவாவில் வீடு வாங்கிக்கொண்டு சபைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். அதில் அருள்நாயகிக்கு மனக்குறை இருந்தது. ஆனால் மகனில் பிழை சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை.

போன வருடம் சீனி வருத்தம் பாஸ்ரரின் கண்ணுக்குள் இறங்கியது. கண் டொக்டர் சட்டப்படி அறிவிக்கவேண்டிய இடத்துக்கு அறிவித்தார், லைசன்ஸ் போய்விட்டது. அன்றைக்குப் பஸ்ரியன் சாப்பிடாமல் கீழே போய் வானைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். றூபன் போன் எடுத்தான்.

“அப்பா, எல்லாரையும் சூமிலை வரச்சொல்லுங்கோ. ஈசி.”

“தன்ரை மருமகள் குசினிக்குள்ளை நிக்க மார்க்கத்து யோகமலர் அன்ரி போனுக்கு முன்னாலை அழுது ஜெபிப்பாவே?” என்று பஸ்ரியன் கேட்டார்.

“வானை நான் ஓடுறன்” என்றாள் அருள்நாயகி.

அவளிடம் லைசன்ஸ் இருந்தது. தமிழ்க்கடைக்குப் போய் மீன் வாங்கிவருவதற்கு மேல் அது உழைத்ததில்லை. ஹைவே என்றால் அவளுக்குப் பயம். அதனால் வோர்டன் வீதியைப் பிடித்து, சிவப்பு விளக்குகள் எல்லாவற்றுக்கும் மரியாதை கொடுத்து, மெல்ல மெல்ல மார்க்கம் போய்ச் சேர்ந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஆண்டவர் அவர்களுக்கும் பொறுமை கொடுக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு அவள் தன்பாட்டில் ஓடினாள்.

மூன்றாம் ஞாயிறோ நாலாம் ஞாயிறோ தெரியாது, வானில் வருகிறவர்கள் அவளிடம் கதைக்கத் தொடங்கினார்கள்.

முதலில் வாயைத் திறந்தது யோகமலர் அன்ரி. முழங்கால் வருத்தத்தால் அவவுக்கு எப்போதும் முன் சீற். சைவக் குடும்பத்திலிருந்து வந்து ஞானஸ்நானம் எடுத்தவ. ஒருநாள் எல்லாரும் இறங்கிய பிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னா: “நான் இப்பவும் காலமை பிள்ளையாருக்கு ஒரு விளக்குக் கொளுத்துறனான், பிள்ளை. மனுசன் இருக்கேக்கை தொடங்கின பழக்கம். விட ஏலாமல் கிடக்கு. பாஸ்ரருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

அருள்நாயகி வீதியைப் பார்த்தபடியே “சொல்லமாட்டன், அன்ரி” என்றாள்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மருமகளோடு கோபம் என்றார்கள், ஊரில் விட்டுவந்த தம்பியை நினைத்தால் நித்திரை இல்லை என்றார்கள். மண்டபத்துக்குள் இறங்கினதும் எல்லாருக்கும் “தோத்திரம், நல்ல சுகம்” என்ற ஒரே முகம்தான். வானுக்குள் மட்டும்தான் வாய் திறந்தது. ஏன் என்று அருள்நாயகிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. வான் ஓடுகிறவள் திரும்பிப் பார்க்கமாட்டாள், பார்க்கவும் கூடாது. முகம் பார்க்காத ஆளிடம் மனிதர் எதையும் சொல்லுவார்கள். அதை நினைத்து அவளுக்கு ஒருநாள் சிரிப்பே வந்துவிட்டது. சுவாமியாரின் கூட்டை விட்டு ஓடிவந்த மனிதர் இத்தனை வருடமாக ஒரு கூட்டைத்தான் ஓட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்!

பஸ்ரியனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு இப்போது யாருடைய மனமும் தெரியவில்லை. முன்பு யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிந்து, அதற்கேற்றபடி ஜெபித்தவர். இப்போது வானில் அவருக்கும் இடமில்லை, மண்டப வாசலில் நின்று கை கொடுப்பதோடு சரி. ஆட்களை இறக்கிவிட்டு அவள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்பார்.

“இண்டைக்கு என்ன கதைச்சவை?”

“சும்மா, கால்நோ கைநோ.”

“உது எனக்குத் தெரியும். மனசிலை என்ன இருக்கெண்டு தெரியாட்டில் நான் என்ன பாஸ்ரர், அருள்?”

அருள்நாயகிக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நவரட்ணம் அண்ணை பின் சீற்றிலிருந்து தன் கதையைச் சொன்னார். மகன் பிரசாந்தின் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பகல் முழுக்கக் கதைக்க ஆளில்லை. தமிழர் நிறையப்பேர் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருந்தார். “அங்கை சீட்டு விளையாட ஆள் இருக்குதாம். மகன் விடமாட்டன் எண்டு அழுறான். பாஸ்ரருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தங்கச்சி. அவர் வந்து முழங்காலிலை நிண்டு ஜெபம் பண்ணி என்னை மறிச்சுப்போடுவார்.”

பஸ்ரியன் அப்படித்தான் செய்திருப்பார் என்று அருள்நாயகிக்கும் தெரியும். அவள் சொல்லவில்லை.

நவரட்ணம் அண்ணை இல்லத்துக்குப் போன செய்தி ஊர்வாயால் பாஸ்ரரின் காதில் விழுந்தது. அவர் கொதித்துப்போய்ப் பிரசாந்துக்குப் போன் எடுத்தார். “தகப்பனைத் தள்ளிவிட்டிட்டு உனக்கு எப்பிடித் தம்பி சோறு இறங்குது?” என்று தொடங்கி, பிரசங்கம் போல நீட்டிவிட்டார்.

“அங்கிள், அது அப்பாவின்ரை ஐடியா” என்றான் பிரசாந்த். “நான் வேண்டாமெண்டு அழுதனான். அருள் அன்ரிக்கு எல்லாம் தெரியுமெண்டு அப்பா சொன்னவர். கேட்டுப் பாருங்கோ.”

பஸ்ரியன் போனை வைத்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றார்.

“சொல்லியிருந்தால் நான் உந்தப் பொடியனிட்டை இப்பிடி மானம் கெட்டிருப்பனே?”

“அவர் சொல்லவேண்டாமெண்டவர்.”

“நான் உம்மடை புருசன்.”

“அது வீட்டிலை” என்றாள் அருள்நாயகி. “வானுக்குள்ளை நான் டிறைவர்.”

அந்தக் கிழமை முழுக்க அவர் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேதப்புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு வரவேற்பறையிலேயே இருந்தார். அருள்நாயகி தேத்தண்ணியை வைப்பாள், ஆறினதை எடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மார்க்கத்து ஆட்கள் வானில் ஏறினார்கள். நவரட்ணம் அண்ணையின் பின் சீற் வெறுமையாக இருந்தது. “நானும் வாறன்” என்று பஸ்ரியன் ஏறி அதில் உட்கார்ந்தார். அன்றைக்கு வானுக்குள் யாரும் மனதிலிருப்பதைச் சொல்லவில்லை. முருங்கைக்காய் விலையையும் குளிரையும் பற்றித்தான் பேச்சு. பாஸ்ரர் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு இருந்தார். அது அவருக்கு எவ்வளவு குத்தியிருக்கும் என்று அருள்நாயகிக்குத் தெரிந்தது.

கடைசியாக யோகமலர் அன்ரி இறங்கினா. முன் சீற் காலியாகிவிட்டது, பஸ்ரியன் முன்னுக்கு வருவார் என்று அருள்நாயகி வானை நிறுத்திவைத்தாள். அவர் அசையவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லைப்போல என்று நினைத்துக்கொண்டு வோர்டனில் திருப்பி வெக்ஸ்போர்ட் பக்கம் ஓடினாள்.

கொஞ்சத் தூரம் போனபிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

“எனக்கு உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வேதத்திலை ஒரு எழுத்தும் தெரியேல்லை.”

அருள்நாயகி ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

“விரிச்சு வைச்சுக்கொண்டு பாடமானதைச் சொல்லுறன். பாடமில்லாத இடத்திலை நானே கட்டிச் சொல்லியிருக்கிறன். சனம் ஆமென் சொல்லுது. எனக்குப் பயமாக் கிடக்கு. இதையும் விட்டால் எனக்கு வேறை என்ன இருக்கு?”

ஒரே வசனங்கள் திரும்பத் திரும்ப வருவதை அவள் கவனித்திருந்தாள். வயது போகிறது என்று நினைத்து விட்டுவிட்டாள். இப்போது கண் நிறைந்து வீதி கலங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று தெரிந்து, முன்னால் போகிற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்” என்றார் பஸ்ரியன். பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னார். “வீட்டிலை என்ரை மனிசிக்கும்.”

“சொல்லமாட்டன்” என்றாள் அருள்நாயகி.

வீட்டுக்குத் திரும்புகிற லோறன்ஸ் சந்தி வந்தது. விளக்கு பச்சையாக இருந்தது. அவள் திருப்பாமல் நேரே ஓடினாள்.