மருமகனின் பூட்டன்

வாய்க்கால் ஓரத்துப் பழைய கோதுமை மா ஆலை இப்போது அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. மொன்ட்ரியாலுக்கு வந்த முதல் வருடம் அதன் படிகளைக் கழுவினேன். அதற்கு முன் இருந்த நான்கு நாடுகளிலும் எனக்கு இதே வேலைதான். ஒருநாள் காலை, தடித்த ஜாக்கெட்டும் பெரிய பொட்டுமாக ஒரு தமிழ் அம்மா வாசலில் நின்றார். தேங்காய் வாங்குபவர் போலச் செங்கற்களை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஆரைத் தேடுறியள்?”

“மருமகன்ரை பூட்டனை, தம்பி. ஐரிஷ்காரர். ஊரிலை வழியில்லாமல் கப்பலேறி வந்து இஞ்சை மூட்டை தூக்கினவராம். அவர் குடும்பம் இருந்த வீட்டையும் பாத்திட்டுத்தான் வாறன்.”

“கலியாணப் பேச்சோ?”

“கலியாணம் முடிஞ்சு மூண்டு வருசம். எங்கடை மனுசன் இன்னும் மருமகனை வீட்டுக்குள்ளை எடுக்கேல்லை. ஆரின்ரை ஆக்கள், என்ன பரம்பரையெண்டு தெரியாதாம். அதாலை மகளும் வாறதில்லை.”

“மூட்டை தூக்கின பரம்பரையெண்டால் வீட்டிலை அண்ணை இன்னும் முறுக்குவாரே?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“உங்கடை அண்ணையும் புவாண்ட்-கிளேர்ச் சாமான் கிடங்கிலை இருபது வருசம் பெட்டி தூக்கினவர். முறுக்கட்டும், பாப்பம்!”

கீழ்த்தளத்தில் பூசாமல் விட்ட பழைய சுவரைக் காட்டினேன். படம் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மகளையும் மருமகனையும் சாப்பிடக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். கணவரிடம் இன்னும் கேட்கவில்லையாம்.

அந்த அண்ணை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது அவர்களோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.