பிரி கட்டாத மரம்

மாம்பழத்தைப் பற்றி யாராவது பெருமை பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். சந்தையில் விற்பதெல்லாம் இனிப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரம் இருந்தது. அதன் பழத்தைத் தின்றவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு மாந்தோட்டக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போனேன். தோட்டம் மாமனார் பேரில் இருந்தது. நடத்தியது என் மாமியார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். மாமனார் நல்ல மனுஷர். வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் சந்தைக்குப் போவார், பஞ்சாயத்துக்குப் போவார், தோட்டத்துக்கு மட்டும் விருந்தாளி மாதிரி வந்து போவார். பாத்தி கட்டுவது, இளமரங்களுக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்கச் செய்வது, கிளி விரட்டுவது, கூலிப் பெண்களைச் சேர்ப்பது, காய் பார்த்துப் பறிப்பது, வைக்கோல் பரப்பிப் பழுக்கப் போடுவது எல்லாம் அத்தையும் அவரோடு வேலை செய்த பெண்களும்தான். பழுக்கப் போட்ட அறையின் கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்து, எந்த மூலையில் பழம் அழுகத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்குக் கடைசி வரை அந்த மூக்கு வாய்க்கவில்லை.

கண்டிப்பென்றால் அப்படி ஒரு கண்டிப்பு. அதிலும் பூப் பூக்கும் காலத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. வீட்டுக்குத் தூரமாக இருக்கும் பெண் பூத்த தோட்டத்துக்குள் கால் வைத்தால் பூ கருகிப்போகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருமே நம்பினோம். அத்தை அதை நம்பியதோடு நிற்கவில்லை. காலையில் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு வேலைக்கு வரும் ஒவ்வொருத்தியையும் கேட்டுத்தான் உள்ளே விடுவார். யாராவது தயங்கினால் போச்சு, “திரும்பிப் போ சாமி, முழுகிட்டு வா” என்று அனுப்பிவிடுவார். அவருக்கு அந்த நாள் வந்தாலும் அதே சட்டம்தான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த ஓலைக் குடிசையில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் நடப்பதையெல்லாம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தபடி ஏசிக்கொண்டிருப்பார். நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

நான் சொல்ல வந்த மரம் கல்கட்டு ஓரத்தில் நின்றது. பழம் சின்னது. உள்ளே செக்கச்செவேல் என்று பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். தொட்டுப் பார்த்தாலொழியப் பழுத்தது தெரியாது. அதனால் பெண்கள் அதற்குப் பச்சைக்கள்ளி என்று பேர் வைத்திருந்தார்கள். பறிக்கும் நாளில், “கள்ளி இன்னைக்கு என்ன சொல்றா?” என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டே அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தப் பழம் வியாபாரத்துக்குப் போகாது. அத்தை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தனக்கென்று ஒன்று எடுத்துவைப்பார். அந்த வீட்டில் அவர் தனக்கென்று எடுத்துவைத்துத் தின்று நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

மரத்துக்கு வயதாகிவிட்டது. வண்டு துளைத்து அடிமரம் பாதி பொக்கையாகிவிட்டது. கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தால் அதே பழம் வராது என்பது தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒட்டுக் கட்டினால்தான் உண்டு. அந்தக் கார்த்திகையில் அத்தை நாற்றுகளை மண்சட்டிகளில் வளர்த்து, சட்டிகளைக் கயிற்றால் மரத்தில் தொங்கவிட்டார். நாற்றையும் கிளை நுனியையும் பக்கவாட்டில் சீவி, சீவிய இடம் இரண்டும் ஒட்டும்படி வாழைநாரால் கட்டினார். நான் கீழே நின்று நார் எடுத்துக் கொடுத்தேன். முந்தின இரண்டு வருஷமும் கட்டி ஒன்றும் கூடவில்லையாம். இந்தத் தடவை கூடியது. தினமும் ஏணி வைத்து ஏறித் தண்ணீர் ஊற்றினார். மாசி முடிவதற்குள் அறுத்து இறக்கிவிடலாம் என்று அவர் சொன்னபோது, பிள்ளை பிறக்கப் போகிற வீட்டில் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் தோட்டத்தைப் பூவிலேயே குத்தகைக்கு விடுவதுண்டு. வியாபாரி வந்து பூவைப் பார்ப்பார். பிறகு ஆண்கள் இரண்டு பேரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாயில் ஒரு சொல் வராது. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. எந்த மரத்தையாவது வீட்டுக்கு நிறுத்திக்கொள்ள வேண்டுமானால், துண்டு போடுவதற்கு முன்னாலேயே அதில் வைக்கோலைக் கயிறாகத் திரித்த பிரி சுற்றிவிட வேண்டும். பிரி இல்லாத மரம் எல்லாம் அன்று முதல் குத்தகைக்காரருக்குச் சொந்தம்; பறித்துப் பழுக்க வைத்துக் கொடுப்பது மட்டும் எங்கள் பொறுப்பு. துண்டுக்கு அடியில் பெண்பிள்ளை கை நுழைய முடியாது. ஆனால் விடியும் முன்பே போய்ப் பிரி கட்டிவிட்டு வருவது எப்போதும் அத்தைதான்.

அந்த மாசியில் வியாபாரி வருகிற நாள் பார்த்து அத்தை குடிசைக்குப் போகும்படி ஆகிவிட்டது.

“ஏனுங்க, கள்ளி மரத்துக்கு மறக்காமப் பிரி கட்டீருங்க” என்று குடிசையிலிருந்தே மாமனாரிடம் சொன்னார்.

“கட்டறேன், கட்டறேன். எத்தனை வாட்டி சொல்லுவே?”

நான் அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லியிருந்தால் போய்க் கட்டியிருப்பேன். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகளிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வருஷம் வந்த வியாபாரி, எங்களுக்குப் புதிதாகச் சம்பந்தமான வீட்டுக்கு உறவு. அவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போன மாமனாருக்கு, விருந்தாளி கண்ணெதிரே மரத்துக்குப் பிரி சுற்றக் கூச்சமாகிவிட்டது. சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமாம். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். துண்டு விழுந்தது, எழுந்தது. இருவரும் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். கள்ளி மரத்தின் பேச்சை எடுக்க மாமனாருக்கு வாய் வரவேயில்லை.

மறுநாள் காலை மாமனாரும் என் வீட்டுக்காரரும் வெளியூர் போய்விட்டார்கள். குத்தகைக்காரரின் ஆட்கள் காவல் குடிசை போட வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தையின் சத்தம் கேட்டு நான் அடுப்பை விட்டு ஓடினேன். அவர் வாய்க்கால் கரையில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். எதிரே கள்ளி மரத்தில் ஒருவன் ஏறிச் சட்டிகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“அத்தை, நான் போய்ச் சொல்லட்டுங்களா?”

“ஓடு அம்மிணி, ஓடு.”

ஓடினேன். வேண்டாமுங்க, இது வீட்டு மரமுங்க என்றேன். அவர்களில் மூத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “பிரி இல்லீங்களே அம்மிணி. சட்டி தொங்குனா அந்தக் கொப்புல காய் நிக்காதுங்க. நீங்க சின்னவங்க. பெரியவங்களே வந்து சொல்லட்டுமுங்க, விட்டுடறோம்.” பிறகு வாய்க்கால் பக்கம் திரும்பிக் கையை வாயில் குவித்துக் கூப்பிட்டார். “பெரியம்மா, அங்கயே நின்னு சத்தம் போட்டா எப்படிங்க? இங்க வந்து எந்த மரம்னு காட்டுங்க!”

வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. அத்தை ஒரு காலைத் தூக்கினார். நான் பார்த்தேன். தூக்கிய காலைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். ஏன் வர முடியாது என்று அத்தனை ஆண்கள் முன்னால் எப்படிச் சொல்லுவார்? வந்தால் தோட்டம் முழுக்கப் பூ கருகும், கருகினால் அந்தப் பாவம் தன் தலையில் என்று நம்பினவர் எப்படி வருவார்? நான் மரத்துக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். ஆள் வரவில்லை என்றதும் வேலையைத் தொடர்ந்தார்கள். கூடிவந்த ஒட்டு ஒவ்வொன்றும் பச்சையாகப் பிளந்துகொண்டு கீழே வந்தது. அத்தை கரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். தீட்டு என்று நான் அவரைத் தொடவும் இல்லை.

அந்த மாசியிலேயே பனி கொட்டியது. பூச்சி விழுந்து, பூவெல்லாம் பிசுபிசுத்துக் கருகி உதிர்ந்தது. எவளோ தீட்டோடு உள்ளே வந்திருக்கிறாள் என்று கூலிப் பெண்கள் கிசுகிசுத்தார்கள். யாரும் வரவில்லை என்று அத்தைக்குத் தெரியும். மாமனாரிடம் அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அந்த மனுஷருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆடிக் காற்றில் கள்ளி மரம் பொக்கை பிளந்து சாய்ந்தது. முந்தின வருஷம் தின்று போட்ட கொட்டை ஒன்று முளைத்திருந்தது, அந்தக் கன்றை நான் நட்டு வைத்தேன். யுத்தம் முடிகிற சமயத்தில் அது காய்த்தது. வாயில் வைக்க முடியாத புளிப்பு.

அடுத்த வருஷம் பூ வந்தது. குத்தகை பேசும் நாளில் நான் குடிசையில் இருந்தேன். விடியும் நேரத்தில் அத்தை வந்து, ஒரு சுருள் வைக்கோல் பிரியை என் மடியில் போட்டார்.

“எந்திரிச்சு வா அம்மிணி. இன்னைக்கு நீ கட்டு.”

“அத்தை, நான் தூரமுங்க.”

“தெரியும் சாமி. அதுக்குத்தான் கூப்பிடறேன்.”

என் மணிக்கட்டைப் பிடித்தார். தொட்டே பிடித்தார். வாய்க்காலைத் தாண்டி, பூ உதிர்ந்து கிடந்த தரையில் என்னை நடத்திக்கொண்டு போனார். எந்த மரத்துக்கு என்று கேட்டேன். கல்கட்டு ஓரத்து வெறும் இடத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, “எதுக்கு வேணும்னாலும் கட்டு” என்றார்.

பக்கத்தில் நின்ற ஒரு மரத்துக்குக் கட்டினேன். பிறகு பங்குனி முழுக்க அத்தை தினமும் தோட்டத்துக்குப் போய்ப் பூவைப் பார்த்துவிட்டு வந்தார். கருகிவிடக்கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் கருக வேண்டும் என்றுதான் வேண்டியிருப்பார் என்பது எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் புரிந்தது. கருகியிருந்தால், அன்று வாய்க்காலைத் தாண்டாமல் நின்றது வீண் இல்லை என்றாவது ஆகியிருக்கும். பூ கருகவில்லை. அந்த வருஷம் போல் காய்ப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கொப்புக்கு முட்டுக் கொடுக்க மூங்கில் போதவில்லை. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அத்தை ஒரு பழம்கூடத் தின்னவில்லை.