அவர் ஏறாத ஜீப்

வாகனம் விற்ற கடைக்காரர் இடைக்கிடை தொலைபேசியில் அழைத்து, "அம்மா, வாகனம் எப்பிடி, திருப்திதானே?" என்று கேட்பார். நானும் "ஓம் தம்பி, நல்ல திருப்தி" என்று சொல்லி வைத்துவிடுவேன். முழுவதையும் சொல்ல வெளிக்கிட்டால் அந்த மனிதருக்கு அன்று வேறு வியாபாரம் நடக்காது.

முதல் விஷயம், என் வாகனம் என் வீட்டுக்கு வராது. நான் இருப்பது நயினாதீவில். அது நிற்பது கடலுக்கு அங்காலே, குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கிட்ட, என் ஒன்றுவிட்ட அக்காவின் வளவில். என் சொந்த வாகனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் படகேறிப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி, "டீச்சர், ஜீப் வாங்கினியளாம், எங்கை?" என்று கேட்டபோது கைத்தொலைபேசியைத் திறந்து படம்தான் காட்டினேன்.

வெளிநாட்டிலிருக்கும் மகள் வாங்கித் தந்தது. எனக்கு முழங்கால் சரியில்லை, பஸ் படி ஏறுவது பெரும்பாடு. சின்னக் கார் என்றால் குனிந்து விழுந்து ஏற வேண்டும், எங்கள் ரோட்டுக் குழிகளில் அதன் அடிவயிறு தட்டும். பெரிய ஜீப் என்றால் ஏறுவதற்கு ஏணி தேவை. இது இரண்டுக்கும் நடுவிலான உயரம். கதவைத் திறந்து, பின்பக்கத்தைக் கதிரைக்குக் காட்டி, மெல்ல உட்கார்ந்தால் சரி. மகள் குடும்பம் விடுமுறைக்கு வந்தால் பெட்டிகளோடு எல்லோரும் ஏறலாம் என்பது அவளுடைய எண்ணம். நானும் ஓய்வு பெற்ற கையோடு, அறுபது வயதில், யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓடப் பழகினேன். பழக்கியவர் என்னைவிடக் கூடுதலாக வியர்த்தார்.

வாங்கினால் அம்மனிடம் காட்ட வேண்டுமே. வாகனத்தைக் கொண்டுபோக வழியில்லாததால் அதன் திறப்பை, சாவியை, கொண்டுபோனேன். அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் கிடந்த திறப்பைப் பார்த்துவிட்டு ஐயர், "ஆற்றை பேருக்கு?" என்றார்.

"ஜீப்புக்கு ஐயா."

"எங்கை நிக்குது?"

"அங்காலை, துறையடியிலை."

ஐயர் கடல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நட்சத்திரம்?"

ஜீப்பின் நட்சத்திரம் எனக்கு என்ன தெரியும்? என் கணவருடைய நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன். ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். தெரிந்த ஆள்தான், கேள்வி கேட்டால் நேரம் போகும் என்று நினைத்திருப்பார்.

வாகனத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்புக்காற்றுக்குத்தான் பயம், வாரத்துக்கு ஒருமுறை அக்கா நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் வரை அடித்துக் கழுவுவாள். அதற்குக் கூலியாக அதன் கூரையில் மோர்மிளகாய் காயப்போடும் உரிமையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒருநாள் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பாலம் தாண்டிச் சரவணை ஊர் வரை ரோட்டெல்லாம் மிளகாய். அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பின்னோக்கி எடுக்கும்போது கமரா கத்தும். அக்காவின் கோழிகள் முதலில் பயந்தன, இப்போது அது கத்தினால் தீன் போடுகிறார்கள் என்று நினைத்து ஓடி வருகின்றன.

எல்லாம் சரி. என் மனிதர்தான் அதில் ஏறவில்லை.

நயினாதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் பயணிகள் படகு, எங்கள் பேச்சில் லோஞ்ச், ஓட்டுகிறவர் இவர். என்னை அக்கரையில் இறக்கிவிட்டு, ஜீப் வரை வந்து வழியனுப்பவும் செய்வார். என்னோடு உறவுக்காரர் யாராவது ஏற வந்தால் அவர்களை லோஞ்சில் ஏற்றுகிற மாதிரியே ஏற்றுவார். "அக்கா, நீங்கள் மொத்தமான ஆள், நடுவிலை இருங்கோ. தம்பி, நீ இந்தப் பக்கம். எல்லாரும் ஒரு பக்கம் இருந்தால் சரியும்." நான்கு சில்லு வாகனம் எப்படிச் சரியும் என்று கேட்டால் என்னையும் நேராக இருக்கச் சொல்வார். எல்லோரையும் சமன்செய்து இருத்தி, கதவைச் சாத்தி, கூரையில் இரண்டு தட்டுத் தட்டி, "வெளிக்கிடும்" என்பார். திரும்பித் தன் லோஞ்சுக்குப் போய்விடுவார். தான் யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் துறையடியில் விட்டிருக்கும் தன் பழைய மோட்டார் சைக்கிளில் போவார்.

நான் கேட்காத நாளில்லை. லோஞ்சுக்கு ஆளில்லை என்பார். கதவைப் பூட்டினால் மூச்சு முட்டும் என்பார். ஒருநாள் நான் விடாப்பிடியாக நின்றபோது, "சுக்கான் வேறை ஆளின்ரை கையிலை இருந்தால் எனக்கு இருக்கேலாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருபது வருசத்துக்கு மேலாக இந்த மனிதருடைய லோஞ்சில் ஏறி அங்காலே படிப்பிக்கப் போய் வந்தவள் நான். ஒருநாளாவது உங்களுக்கு ஓடத் தெரியுமோ என்று கேட்டேனா? என் சுக்கானில் மட்டும் நம்பிக்கையில்லையா? துறையடியில் சனமும் கதைக்கத் தொடங்கிவிட்டது. "டீச்சர் ஓடினால் அண்ணையே ஏறமாட்டாராம்" என்று. நான் கேட்காத மாதிரிப் போனேன். உள்ளுக்குள் கொதித்தது. ஊரில் யார் ஏறாவிட்டாலும் கவலையில்லை, அவர் ஒருநாள் என் பக்கத்துக் கதிரையில் இருந்து வர வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அந்த நாளும் வந்தது. இவர் தன் படகோட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க, காலை பத்து மணிக்குள் யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோரில் கண் சோதனைக்கு நிற்க வேண்டும். துறையில் இறங்கிப் பார்த்தால் மோட்டார் சைக்கிளின் சங்கிலி அறுந்து கிடக்கிறது. பஸ் போய்விட்டது, அடுத்தது ஒரு மணித்தியாலம் கழித்து. இவர் சங்கிலியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் திறப்பைக் கையில் ஆட்டிக்கொண்டு நின்றேன்.

ஏறினார். தானே கதவைச் சாத்தினார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டேன். புங்குடுதீவு வளைவுகளை வெட்டி எடுத்துக் காட்டினேன். கமராவைக் காட்டினேன், கதிரை சரியும் விதத்தைக் காட்டினேன், மகள் ஏற்றித் தந்த பாட்டைப் போட்டேன். கடலுக்கு நடுவே போகும் பாலத்தில் ஏறியபோது, "எப்பிடி என்ரை ஓட்டம்?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மேல்பிடியைப் பிடித்தபடி இருக்கிறார். முகமெல்லாம் வியர்வை.

"நான் ஓடினால் உங்களுக்குக் கண்ணை மூடிக் கும்பிட வேணுமோ?"

"நிப்பாட்டும்" என்றார், வாயைப் பாதி திறந்து.

"ஏலாது! யாழ்ப்பாணத்திலைதான் நிப்பாட்டுவன்!"

அழுத்தினேன். சரவணை போனது, வேலணை போனது. அவர் இன்னும் இரண்டு தரம் நிப்பாட்டச் சொன்னார், நான் இன்னும் இரண்டு தரம் அழுத்தினேன். மண்கும்பானில், கதிரைக்கு முன்னால் இருந்த சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்து, மரியாதையாகக் குனிந்து, அதற்குள் சத்தி எடுத்தார், காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. உள்ளே காப்புறுதிக் கடதாசியும், வாகனத்தோடு தந்த தடித்த விளக்கப் புத்தகமும், கோயில் விபூதியும் இருந்தன.

கடற்கரைப் பக்கமாக ஓரங்கட்டி, அவரை இறக்கி முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு நிமிடம் பயந்துதான் போனேன். அது வெறும் சத்திதான் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கடலில் சனம் குடல் புரளக் கிடக்கும்போது விசில் அடித்துக்கொண்டு ஓட்டுகிற ஆள்! மணலில் இருந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

"சிரியும். சின்னனிலையிருந்து உப்பிடித்தான். நானே ஓடினால் ஒண்டுமில்லை. பஸ்ஸெண்டால் வாசல்படியிலை நிண்டு காத்து வாங்கிச் சமாளிச்சுப்போடுவன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"லோஞ்ச் ஓடுறவன் ஜீப்பிலை சத்தி எடுக்கிறான் எண்டால் ஊர் என்ன சொல்லும்?" என்றவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீர் மட்டும் சொன்னனீரோ?" என்று கேட்டார்.

என் சிரிப்பு நின்றது. நான் யாருக்கும் சொல்லாத விஷயம் அது. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. லோஞ்ச்காரரின் பெண்சாதி சத்தி எடுத்தால் வெட்கக்கேடு என்று, வேலைக்குப் போன காலமெல்லாம் கைப்பைக்குள் மாணவர் கொப்பிகளுக்கு அடியில் ஒரு பொலித்தீன் பை வைத்திருந்தேன். கடைசி வாங்குப் பலகையில் போய் இருந்துகொள்வேன். ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கலியாணம் கட்டின மாசமே தெரியும். நீர் ஏறுற நாளிலை நான் மெல்லத்தான் ஓடினனான். சோளகக் காத்து அடிக்கிற மாசங்களிலை அலையைச் சுத்தி எடுத்துப் போவன். நேரம் போகுதெண்டு சனம் பேசும். உம்மடை முகம் வெளிறினால் இன்னும் குறைப்பன்."

அத்தனை வருசமும் அவர் குறைத்திருக்கிறார். இன்றைக்கு அவர் மூன்று தரம் நிப்பாட்டச் சொல்ல, நான் மூன்று தரமும் அழுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மன்னியுங்கோ என்று சொல்ல வாய் வரவில்லை. போய் அந்தப் பெட்டியைத் துடைத்தேன், புத்தகத்தை எடுத்து வேலிக்கரையில் காயவைத்தேன். அவருக்கு நிறம் திரும்ப வெகுநேரம் எடுத்தது.

திரும்ப வெளிக்கிட்டபோது எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, ஏசியையும் பாட்டையும் நிற்பாட்டி, இருபத்தைந்தில் ஓடினேன். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

"பத்து மணியாகுது. கொஞ்சம் கெதியா ஓடும்" என்றார்.

"ஏலாது" என்றேன்.

அல்லைப்பிட்டி தாண்டியதும் பின்னால் ஹோர்ன். குறிகட்டுவானிலிருந்து வரும் அடுத்த பஸ். எதிரே வாகனங்கள் வந்துகொண்டிருந்ததால் அதற்கு முந்த இடமில்லை. விடாமல் அடித்தார்கள். ஆனாலும் நான் வேகத்தைக் கூட்டவில்லை. ஒருவழியாக இடம் கிடைத்து பஸ் எங்களுக்குப் பக்கத்தில் வந்தது. யன்னலெல்லாம் எங்கள் ஊர்ச் சனம், இவருடைய லோஞ்சில் தினம் ஏறுகிறவர்கள். நடத்துநர் வாசல்படியில் தொங்கிக்கொண்டு, "டீச்சர், ஓடத் தெரியாட்டில் ஓரமா நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினார். பஸ் முழுக்கச் சிரித்தது.

இவர் இடுப்புவரை யன்னலால் வெளியே வந்தார்.

"அவவுக்கு வடிவா ஓடத் தெரியும்! எனக்குத்தான் சத்தி வருது!"

நடத்துநர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பஸ் எங்களைக் கடந்து போனது. இவர் உள்ளே வந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.