கதவுக்குப் பின்னால் கடைந்த குமிழ்கள்

அலமாரியைப் பார்த்து "நல்ல அலமாரி" என்பார்கள். அதன் குமிழை இழுத்துவிட்டு "நல்ல குமிழ்" என்று சொன்னவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தால்தான் குமிழ் கடைகிற எங்கள் ஞாபகம் வரும். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும். ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள். உங்களிலும் அப்படி நிற்கிறவர்கள் இருப்பீர்கள், உங்களுக்குத்தான் இது.

வழுக்கின படி

நயா பைசா வந்த புதிது. மலைமேல் செண்பகனூரில் எங்கள் முன் அறைதான் கடைசல் பட்டறை. தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்தால் கட்டை சுற்றும். உளியைக் காட்டினால் குமிழ் உருவாகும். உளி பிடிப்பவர் என் வீட்டுக்காரர் சவரிமுத்து. உப்புத்தாள் போட்டு மெழுகு தேய்ப்பது நான்.

மழையில் படி வழுக்கி அவருடைய வலது மணிக்கட்டு ஒடிந்துபோனது. கான்வென்ட் விடுதி அலமாரிகளுக்கு நாற்பத்தெட்டுக் குமிழ், பள்ளி திறப்பதற்குள் கொடுக்க வேண்டும். தவறினால் சிஸ்டர் மதுரையில் வாங்கிக்கொள்வார். பிறகு அந்த வேலை எங்களுக்கு இல்லை. நான் அழுதுகொண்டு நின்றேன். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏ புள்ள, கைதான ஒடிஞ்சிருக்கு, வாய் நல்லாத்தான கெடக்கு? நான் சொல்றேன், நீ கடை" என்றார்.

பதினேழாவது

முதல் பதினாறில் ஒன்றைப் பல் முளைக்கிற என் மகள் ஆக்னஸ் கடிக்க எடுத்துக்கொண்டாள். மிச்சம் அடுப்புக்கு. பதினேழாவது தேறியது. அளவு பார்க்கிற இரும்புக் கவை எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் பொத்திப் பார்ப்பேன், அடங்கினால் சரி. அவரும் உளியின் சாய்வைப் பார்த்தாரே தவிர அளவைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தபின் பழைய குமிழ் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். நான் கடைந்தது அரை விரல் சிறுசு. நாற்பத்தெட்டும்!

அன்றைக்கே சிஸ்டர் வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால். ஒரு குமிழை எடுத்து உள்ளங்கையில் மூடி மூடிப் பார்த்தார். "யார் கடைஞ்சது?" வீட்டுக்காரர் தாடையால் கதவைக் காட்டினார். சிஸ்டர் கதவைப் பார்த்தே பேசினார்: "பழைய குமிழ் எங்க சின்னப் பிள்ளைங்க கைக்கு அடங்காது, ரெண்டு கையாலயும் தொங்குவாங்க. இது அடங்கும். வெளிய வாம்மா, ஒன் கையைப் பாக்கணும்."

வத்தலக்குண்டு வெயில்

வத்தலக்குண்டில் மரச்சாமான் கடை வைத்திருந்த பாய் கேள்விப்பட்டு இரண்டு டஜன் வாங்கிப் போனார். பத்தே நாளில் பையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். "இங்க துளையில சொருகிப் பாத்தப்ப இறுக்கமா இருந்துச்சு, எங்கூருக்கு வந்ததும் அத்தனையும் பல்லு மாதிரி ஆடுதும்மா!" வீட்டுக்காரர் கட்டு மாற்றப் போயிருந்தார். இடுப்பில் பிள்ளை. நான்தான் பேசியாக வேண்டும்.

"பேரிக்காய் மரம்ங்க. இங்கத்த மேகமூட்டத்துல ஊறிக் கெடந்தது, ஒங்க வெயிலுக்குச் சுருங்கிருச்சு. கட்டையை அடுப்புப் பரண்ல காய வச்சு வேற கடைஞ்சு தாரேன்" என்றேன். வெளி ஆணிடம் அத்தனை நீளமாக நான் பேசியதே இல்லை. பாய் பையைக் கீழே வைத்தார். "இனிமே நீங்களே பேசுங்கம்மா. ஒங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சா எனக்குக் கடைசி பஸ் போயிருது."

கட்டு அவிழ்த்த பிறகு

கை கூடி அவர் மறுபடி உளி பிடித்தார். சிஸ்டர் அடுத்த விடுதிக்கும் எழுதிக் கொடுத்தார். "அதே அளவு" என்று அடியில் கோடு போட்டிருந்தது. வீட்டுக்காரர் கடைந்தவை வழக்கம்போலப் பெரிசாக வந்தன. சிஸ்டருக்கும் பாய்க்கும் தினம் ஜெபத்தில் நன்றி சொல்கிறேன்; ஒடிந்த அந்தக் கைக்கும் சொல்வதுண்டு, அவர் காதில் விழாமல். அவரோ அன்றைக்கு இரும்புக் கவையை ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்: "ஏ புள்ள, வெரசா வா. ஒன் கையை நீட்டு, அளவு பாக்கணும்."

இப்போதும் புது ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால்தான் போகிறேன், ஆனால் அந்தக் கதவின் குமிழும் நான் கடைந்ததுதான்.