எந்த ஊசி?

புஸ்பராணி கதைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். கட்டைபறிச்சானில் அது ஒரு பகிடியாகவே நடந்துவந்தது. சட்டை தைக்கத் துணி கொண்டுவருகிற பெண்கள், "என்ன சொன்னனீ? இன்னொருக்காச் சொல்லு, எங்கட காதும் குளிரட்டும்" என்று சீண்டிவிட்டுத்தான் போவார்கள். அவளும் சிரித்துவிட்டுக் குனிந்து மெஷினை மிதிப்பாள். இப்படிப்பட்டவள் ஒருநாள் பிள்ளைப்பேற்று வார்டையே திரும்பிப் பார்க்கவைத்தாள் என்றால் அந்த ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூற்றாறில் அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. வீட்டிலேயே, மருத்துவிச்சியின் கையில், ஒரு குறையும் இல்லாமல் பிறந்து வீறிட்டு அழுதது. மறுநாள் பால் குடிக்க மறுத்தது. பிறகு முனகத் தொடங்கியது. உடம்பு கொதித்தது, பின் குளிர்ந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமுன் போய்விட்டது. ஏன் என்று சொல்ல ஆளில்லை. ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? "வயித்துப் பிள்ளையோட ஓயாம மெஷின் மிதிச்சவள். பிள்ளை குலுங்கிப்போச்சு" என்று யாரோ ஒரு புண்ணியவதி சொல்லிவைத்தாள். மாமியார் கனகம்மாவுக்கு அது போதும். செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் அதையே ஒப்பித்தாள்.

புஸ்பராணி மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? பாவி, அவளும் அதைத்தான் நம்பினாள். மெஷினை ஒரு பழைய சேலையால் மூடிக் கட்டினாள். கணவன் இராசதுரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வயலுக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான், படுத்தான். அவன் வாய் திறக்காததைத் தன்மேல் உள்ள கோபமென்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை தவறியதால் மருத்துவிச்சி அவளைத் திருகோணமலைக்கு, பெரிய கிளினிக்குக்கு அனுப்பினாள். பக்கத்து மூதூரிலிருந்து லோஞ்சில் கடலைக் கடந்து போகவேண்டும். அங்கே இருந்த பெண் டொக்டர் மூத்த பிள்ளை போன விதத்தைத் துருவித் துருவிக் கேட்டார். பிறகு பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு சோதனை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். அடுத்த முறை போனபோது முடிவு வந்திருந்தது.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. பிள்ளை வாற வழியில உங்களுக்கு ஒரு கிருமி இருக்குது. அது ஊத்தையால வாறதில்லை, ஆரும் தந்ததுமில்லை. நல்ல சுகமா இருக்கிற பொம்பிளையளிலயும் இருக்கும். உங்களுக்கு ஒண்டும் செய்யாது. பிறக்கேக்கை பிள்ளைக்குத் தொத்தினாத்தான் ஆபத்து."

"மருந்து..." என்று புஸ்பராணி இழுத்தாள்.

"என்ன? சத்தமாச் சொல்லுங்கோ. மருந்தோ? இப்ப குளிசை குடிச்சும் பிரயோசனமில்லை, கிருமி திரும்ப வந்திடும். நோவு தொடங்கின உடனே, இல்லாட்டிப் பன்னீர்க்குடம் உடைஞ்ச உடனே இஞ்ச ஓடி வந்திடுங்கோ. பென்சிலின் ஊசி நரம்பில ஏத்துவம். பிள்ளை பிறக்கிறதுக்குச் சில மணித்தியாலம் முன்னமே ஏத்தினாத்தான் அது பிள்ளைக்குப் போய்ச்சேரும். அட்டையில எழுதிவிடுறன். எண்டாலும் வந்த உடனே நீங்களே வாய் திறந்து சொல்லவேணும். விளங்குதே?"

"ஓம்" என்றாள் புஸ்பராணி. டொக்டருக்குக் கேட்டதோ இல்லையோ.

லோஞ்சில் திரும்பி வரும்போதெல்லாம் அந்த ஒரு சொல்தான். கிருமி! அதுவும் அந்த இடத்தில்! இதை எப்படிக் கனகம்மாவிடம் சொல்வது? டொக்டர் ஆயிரம் சொல்லலாம், ஊத்தை இல்லை, தொத்தினதில்லை என்று. ஊர் கேட்குமா? அவளோடு இராசதுரையையும் சேர்த்தல்லவா கதைப்பார்கள்? வீட்டுக்கு வந்து சேருமுன் அந்தச் சொல்லை அவள் விழுங்கிவிட்டாள். மிச்சமிருந்தது ஒரு சொல்தான்.

"நோவு வந்தா டவுனுக்குப் போகட்டாம். ஒரு ஊசி போடவேணுமாம்."

"அதுதான் ஏற்பு வராமப் பிள்ளைத்தாச்சியளுக்குப் போடுற ஏற்பூசி ரெண்டும் மருத்துவிச்சி போட்டிட்டாளே! பிறகென்ன ஊசி? தையல்காரிக்கு ஊசியில அவ்வளவு ஆசையே?" என்று கனகம்மா முகத்தை வெட்டினாள்.

"டொக்டர் சொன்னாப் போவம்" என்றான் இராசதுரை. அவ்வளவுதான், எந்த ஊசி என்று அவனும் கேட்கவில்லை.

நாள் நெருங்குமுன் திருகோணமலைக்குப் போய், அங்கே அன்புவழிபுரத்தில் இராசதுரையின் சொந்தக்காரர் வீட்டில் போய் இருப்பதென்று திட்டம். யுத்தம் யாருடைய திட்டத்தைக் கேட்டு நடந்தது? கடலில் ஏதோ சண்டை என்று லோஞ்சை நிறுத்திவிட்டார்கள். மறுபடி விட்ட அன்று காலையில் மூதூர் ஜெட்டியில் ஊரே திரண்டு நின்றது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, முன்னால் நேவிக்காரரின் சோதனை. பெண்களின் வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற புஸ்பராணியின் கால் சட்டென்று நனைந்தது.

அவளுக்குப் பின்னால் நின்றவள் மூதூர் ஜெஸீமா. தயிர்ச்சட்டிகளை டவுனுக்குக் கொண்டுபோய் விற்கிறவள். புஸ்பராணிக்கு இல்லாத தொண்டையையும் சேர்த்து ஆண்டவன் அவளுக்கே கொடுத்திருந்தான்.

"என்ன புள்ள, கால் நனைஞ்சிருக்கு? யா அல்லாஹ், குடம் ஒடஞ்சிட்டு! வழி விடுங்க! புள்ளத்தாச்சி! கண்ணில்லையா ஒங்களுக்கு?"

வரிசை விலகியது. சோதனை செய்த பெண்ணும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைக் காட்டினாள். ஆண்கள் பக்கம் அப்படி இல்லை. இராசதுரையின் அடையாள அட்டையை வாங்கிய நேவிக்காரன் அவனை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டான். அதே பெயரில் வேறு யாரையோ தேடுகிறார்களாம். துணிப் பையும் கிளினிக் அட்டையும் அவன் கையில்.

"நீ போ! நிக்காத! நான் அடுத்ததில வாறன்!" என்று அங்கிருந்தே கத்தினான்.

லோஞ்சு புறப்பட்டது. ஜெஸீமா அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, முந்தானையை விரித்து வெயிலை மறைத்தாள்.

"இது எத்தினயாவது?"

"ரெண்டாவது."

"மூத்தது யாரோட நிக்கி?"

புஸ்பராணி கடலைப் பார்த்தாள். ஜெஸீமா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள். ஜெஸீமா வாயை மூடினாள் என்பது சின்ன விஷயமில்லை, மூதூரில் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஊசி போடவேணும் அக்கா, சுணங்கக்கூடாது" என்று புஸ்பராணி முணுமுணுத்தாள்.

"போடுவாங்க புள்ள. ஆசுபத்திரியில ஊசிக்கா பஞ்சம்?"

டவுன் ஜெட்டியில் இறங்கியதும் தயிர்ச்சட்டிகளை அங்கே நின்ற கடைக்காரனிடம் தள்ளிவிட்டு, ஓட்டோ பிடித்து, ஜெஸீமாவே ஆஸ்பத்திரிவரை கொண்டுவந்தாள். வார்டுக் கதவுக்கு அப்பால் அவளை விடவில்லை, அவள் வாசலிலேயே காத்திருந்தாள். உள்ளே போனது புஸ்பராணி மட்டும்தான்.

உள்ளே நோவெடுத்தபடி பல பேர். இருந்த ஒரே தாதி, மிஸி என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். தன் கட்டிலருகே வந்ததும் புஸ்பராணி அவளிடம் சொன்னாள்.

"மிஸி, எனக்கு ஊசி போடவேணும்."

"ஏன், கிளினிக்கில போடேல்லையே?"

"போட்டது. ரெண்டு."

"ரெண்டும் போட்டதெண்டாச் சரி. பேந்தென்ன ஊசி? அட்டை எங்க?"

"அவரிட்ட. அவரை மறிச்சுப்போட்டாங்கள்."

"வரட்டும், பாப்பம். நீங்கள் படுங்கோ" என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிஸி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மிஸியில் என்ன பிழை? கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னாள். பிள்ளைத்தாச்சி ஊசி என்றால் ஊர் உலகத்துக்கு ஏற்பூசிதானே! வீட்டில் ஒளிக்க எடுத்த சொல் இங்கேயும் நன்றாக ஒளித்துவிட்டது. புஸ்பராணி காத்திருந்தாள். மிஸி தட்டோடு வந்தபோதெல்லாம் தனக்குத்தான் என்று கையை நீட்டினாள். தட்டு வேறு கட்டிலுக்குப் போனது. நோவு கிட்டக் கிட்ட வந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. கதவடியில் ஒரு வேலையாள் நிற்கிறானே, பக்கத்துக் கட்டில்காரி எந்த ஊரோ, நாளைக்குச் சந்தையில் போய்ச் சொன்னால்? வாயைத் திறந்தாள், மூடினாள். வெட்கம் கெட்ட வெட்கம் இது, பிள்ளையின் உயிரைவிடப் பெரிதாக வந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தது.

அப்போது ஒரு நோவு இடுப்பை முறுக்கிப் பிடித்தது. அது விடும்போது அவள் காதுக்குள் கேட்டது தன் சத்தமில்லை, மூத்த பிள்ளையின் முனகல்தான். பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிய அந்தப் பச்சை உடம்பு. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"மிஸீ! எந்த ஊசியெண்டு கேளுங்கோ! ஏற்பூசி இல்லை! எனக்குக் கிருமி இருக்கு! பிள்ளை வாற வழியில கிருமி! பென்சிலின் ஏத்தாட்டி என்ர பிள்ளை செத்துப்போகும்! ஒண்டைப் பறிகுடுத்திட்டன், இதையும் குடுக்க ஏலாது!"

வார்டு கப்சிப். பக்கத்துக் கட்டில்காரி தன் நோவையும் மறந்து திரும்பிப் பார்த்தாள். மிஸி கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ அம்மா, இதை வந்த உடனே சொல்லியிருக்கக்கூடாதே!"

"சொன்னனான் மிஸி. வடிவாச் சொல்லேல்லை."

பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. டியூட்டி டொக்டர் வந்தார். கிளினிக் டொக்டரின் பெயரைக் கேட்டார். முன்பு பென்சிலின் போட்டு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா என்று விசாரித்தார். கையில் ஊசி ஏறி மருந்து இறங்கத் தொடங்கியது. "இனிப் பிள்ளை கொஞ்சம் பொறுமையா வந்தா நல்லம்" என்றாள் மிஸி. அதுவரை சீக்கிரம், சீக்கிரம் என்று கடலையும் லோஞ்சையும் அவசரப்படுத்தியவள், இப்போது பிள்ளையே, வராதே, கொஞ்சம் இரு ராசாத்தி என்று வயிற்றைத் தடவிக் கெஞ்சினாள். பிள்ளை பெற வந்த இடத்தில் பிள்ளை வரவேண்டாமென்று வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். பிள்ளை தாய் சொல் கேட்டது. இரண்டாம் தரம் மருந்து ஏற்றியபிறகு, பொழுது சாயும் நேரத்தில் பிறந்தது. மறுபடியும் பெண்பிள்ளை.

பிறந்தது பெரிதில்லை. முதல் பிள்ளையும்தான் நன்றாகப் பிறந்தது. மறுநாள் முழுக்கப் புஸ்பராணி பிள்ளையின் மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சிணுங்கினாலும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைகளுக்கான டொக்டர் வந்து குழாய் வைத்துப் பார்த்தார், மூச்சு நல்லம், காய்ச்சல் இல்லை என்றார். பிள்ளை பாலை இழுத்து இழுத்துக் குடித்தது. பார்வையாளர் நேரத்தில் ஜெஸீமா தயிரோடு வந்து நின்றாள்.

"ஒண்ட சத்தம் வாசல்வரைக்கும் கேட்டிச்சி புள்ள! வாயில்லாப் பூச்சி எண்டெல்லோ நெனச்சன்!"

அடுத்த நாள் கிளினிக் டொக்டர் வார்டுக்கு வந்தார். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். புஸ்பராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டொக்டர், என்ர மூத்தது... நான் மெஷின் மிதிச்சதாலதானே போனது?"

"என்ன மெஷின்?"

"தையல் மெஷின்."

டொக்டருக்குச் சிரிப்பு வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இல்லையம்மா. மெஷின் மிதிச்சு ஒரு பிள்ளையும் சாகாது. அந்தப் பிள்ளையைச் சோதிச்சுப் பாக்கேல்லை, அதால சத்தியம் பண்ண ஏலாது. ஆனா நீங்கள் சொன்ன விதத்தைப் பார்த்தா இதே கிருமியாத்தான் இருக்கவேணும். அது உங்கட பிழையில்லை. வீட்டில இருந்த ஆருக்கும் தெரிஞ்சிருக்க வழியில்லை."

டொக்டர் போனபிறகு புஸ்பராணி அழுதாள். மூத்த பிள்ளைக்காக அவள் அழாத நாளில்லை, ஆனால் அதெல்லாம் கொலைகாரியின் அழுகை. இதுதான் தாயின் அழுகை. அழுது முடிந்தபோது உடம்பு லேசாக இருந்தது.

அன்று பின்னேரம் இராசதுரை வந்து சேர்ந்தான். தாடியும், கசங்கிய சட்டையும், மார்போடு அணைத்துப் பிடித்த துணிப் பையுமாக வந்தான். விசாரித்துவிட்டு அன்று காலையில்தான் விட்டார்களாம். பிள்ளையைக் குனிந்து பார்த்தான், தொடவில்லை.

"இஞ்சேருங்கோ, இருங்கோ. ஒரு கதை சொல்லவேணும்" என்றாள் அவள். கிருமியில் தொடங்கி டொக்டர் சொன்னதுவரை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் கேட்டால் கேட்கட்டும். "மெஷினால இல்லையாம். என்ர பிழையில்லையாம்" என்று முடித்தாள்.

அவன் துணிப் பையைக் கட்டிலடியில் வைத்தான்.

"உன்ர பிழையெண்டு ஆர் சொன்னது?" என்றான். "மெஷின் கதையை அம்மா சொன்னா. நான் ஒருநாளும் நினைக்கேல்லை. அண்டைக்குப் பிள்ளை முனகேக்கை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம் எண்டு நீ சொன்னனீ. வெளியில வெடிச்சத்தம். விடியட்டும் எண்டு மறிச்சது நான்தானே. நான்தான் கொண்டனான் எண்டு இருந்தனான். உன்ர முகத்தைப் பார்த்துக் கதைக்க ஏலாமத்தான்..."

புஸ்பராணி அவனையே பார்த்தாள். இரண்டு வருடம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அவன் என்னை மன்னிக்கமாட்டான் என்று இவளும், இவள் என்னை மன்னிக்கமாட்டாள் என்று அவனும்! ஒருத்தராவது வாய் திறந்து கேட்டார்களா?

"வீட்டில இருந்த ஆருக்கும் தெரிஞ்சிருக்க வழியில்லையெண்டு டொக்டர் சொன்னவ. வீட்டில நீங்களும்தானே இருந்தனீங்கள்" என்றாள் அவள். பிறகு பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். "பிடியுங்கோ. தலையைப் பார்த்து."

கை மாறியதில் பிள்ளை விழித்து, முகம் சிவக்க வீறிட்டு அழத் தொடங்கியது. மிஸி எட்டிப் பார்த்து, "பிள்ளையை ஆத்துங்கோவன்" என்றாள். இரண்டு பேரும் அசையவில்லை. நல்ல பலமான அழுகை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.