சரிங்க என்றால் என்ன?

கௌசிக் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவன். ஆத்தூர்க்காரன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அவனுக்குத் தூரிகை, எனக்கு பில் போடும் மேசை. சாமி பெயரை ஒரே இழுப்பில் எழுதிவிடுவான். போன வாரம் வரை அந்தக் கை தயங்கி நான் பார்த்ததில்லை.

போன வாரம்தான் பெயின்ட் கடை அறிவுச்செல்வியிடம் கேட்டான்: "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்கு?" சில மாதங்களாகப் பேசிப் பழகியவர்கள். அவள் "சரிங்க" என்றாள். அடுத்த ஆளுக்குத் தின்னர் எடுக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சரிங்கன்னா என்ன அர்த்தம்? பிடிச்சிருக்குன்னு அர்த்தமா, இல்ல காதுல விழுந்துச்சுன்னு அர்த்தமா?"

"பிடிக்காமயா சரின்னு சொல்லுது?" என்றேன்.

"எல்லாருக்கும் அதே 'ங்க'தான்டா. நேத்து கடை வாசல்ல ஆடு படுத்திருந்துச்சு. அதுகிட்டயும் 'எந்திரிங்க சாமி'ங்குறா. ஆட்டுக்கும் எனக்கும் ஒரே மரியாதைன்னா நான் யாரு?"

நான் பக்கத்து எருமப்பட்டிக்காரன், அவளும் இந்தப் பக்கம்தான். எங்களுக்கு 'ங்க' மூச்சு மாதிரி, விடுவது தெரியாது. சொன்னேன், அவன் கேட்கவில்லை. ஒரு சொல்லின் வாலில் தொங்கும் இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு வாரம் முழுக்க அலைந்தான். ஒரு லாரியின் பின்பலகையில் 'ஒலி எழுப்பவும்' என்பதற்குப் பதில் 'ஒலி எழுப்புங்க' என்று எழுதி வைத்தான்.

லாரிக்காரர் மாதேஸ்வரன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "ஏப்பா, பின்னால வர்றவனுங்ககிட்டயெல்லாம் என்ற வண்டி கெஞ்சிட்டுப் போகோணுமா?"

அழித்து எழுத மஞ்சள் பெயின்ட் வேண்டும். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த அவள் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அப்போது அங்கே வேறு யாருமில்லை.

"என்கிட்ட இந்த 'ங்க' வேண்டாம்," என்றான் எடுத்த எடுப்பில். "வா, போன்னு பேசு. அப்பத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

அறிவுச்செல்வியின் முகம் சுருங்கியது. டின் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே பேசினாள்.

"எங்கூட்ல அப்பாவும் அம்மாவும் சண்டை வந்தாத்தானுங்க வா, போம்பாங்க. நீங்க என்னைய மொதல்லயிருந்தே அப்படித்தான் பேசறீங்க. இந்தாளு நம்மள எளக்காரமா நெனைக்கறாரோன்னு நானே பயந்துட்டிருக்கறேன்."

"எளக்காரமா? நானா?"

"பின்ன? நாலு பேரு நிக்கற கடையில பிடிச்சிருக்கான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றதுங்க? சரின்னேன். ஊட்டுக்குப் போயி அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

கௌசிக் மேசையில் கை ஊன்றி முன்னால் சாய்ந்தான். "அம்மா என்ன சொன்னாங்க?"

"எந்த ஊரு, யாரு எவருன்னு கேட்டாங்க. ஊரை மட்டும் சொன்னேன். அதுலயிருந்து எங்கிட்டப் பேச்சு இல்லீங்க." இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இனி நான் மட்டும் பேசினா ஆகாது. நீங்க வந்து பேசுவீங்களா?"

இரண்டு டிரைவர்கள் உள்ளே வந்தார்கள். கௌசிக் டின்னை எடுத்தான். "வர்றேன்," என்றான். வெளியேறிவிட்டான்.

சாலையைத் தாண்டியதும் அவன் பேச்சில் வேகம் கூடியது. "ஞாயித்துக்கிழமை போறேன். நேரா அவங்கம்மாகிட்டயே பேசிடுறேன்."

"அதை அவகிட்டச் சொன்னியா?"

"வர்றேன்னு சொன்னேனே!"

"கெளம்பற எல்லாரும் அதைத்தானடா சொல்லுவாங்க?"

கௌசிக் நின்று திரும்பிப் பார்த்தான். கடைக் கண்ணாடிக்கு அப்பால் அவள் டிரைவர்களுக்கு எதையோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் வாசலில் இருந்தது. அவன் டின்னை என் கையில் திணித்துவிட்டு, வருகிற லாரியைக்கூடப் பார்க்காமல் சாலையின் குறுக்கே ஓடினான். கடைக்குள் இப்போது அந்த டிரைவர்களோடு இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள்.