அண்ணனின் கிளினிக் கொப்பி

எனக்கு எப்போதும் நான்தான் கெட்டிக்காரி என்ற நினைப்பு. கலஹாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஓர் அடிதடி வழக்கில் அண்ணன் விளக்கமறியல் சிறைக்குப் போனதும் வழக்கறிஞர், பொலிஸ், மறியல் வாசல் எல்லாம் என் தலையில் விழுந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இன்று நினைத்தால் கூசுகிறது.

அண்ணனுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வலது காலில் ஆறாத புண். அவருடைய கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் பொலித்தீன் உறைக்குள் இருந்தது. இங்கே நோயாளியின் முழுக் கதையும் அந்தக் கொப்பியில்தான் இருக்கும். அது தொலைந்தால் மருந்தும் இல்லை, முறையும் இல்லை. அடையாள அட்டையைத் தொலைத்தவனைக்கூட எங்கள் ஆட்கள் விட்டுவிடுவார்கள். கிளினிக் கொப்பியைத் தொலைத்தவனைத் திட்டித் தீர்த்துவிடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பார்க்கப் போனபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஒற்றைக் காலை ஊன்றி நின்றார். புண்ணின் வாடை இந்தப் பக்கம்வரை வந்தது.

"காய்ச்சல் விட மாட்டேங்குது. கொழும்பு ஜெயிலுக்கு மாத்துவாங்க போல, அங்கதான் வைத்தியமாம். கொப்பிய குடுத்துரு தங்கச்சி," என்றார்.

வாசல் காவலரும் அதையே கேட்டார். நடுத்தர வயதுச் சிங்களவர், எல்லாப் பெண்களையும் 'நங்கி' என்று தங்கை முறை சொல்லி அழைப்பவர். "நங்கி, கொப்பி கொண்டுவந்து தாங்க. அங்க டொக்டர் அதுதான் கேக்குறது."

நான் கொடுக்கவில்லை. மறியலுக்குள் போன சாமான் எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் பேராதனையில் ஒரு கடையில் அதைப் பிரதி எடுத்தேன். கடைக்காரர் வயதான முஸ்லிம்.

"அட்டையும் எடுக்கவா மகள்?"

"அட்டை எதுக்கு? உள்ளுக்கு இருக்கிறத மட்டும் எடுங்க," என்றேன்.

தாள்களைக் குத்திக் காவலரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி உள்ளே அனுப்பினார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கைதியை மாற்றும் நாளை வீட்டாருக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. அடுத்த செவ்வாய் போனபோது என் சாப்பாட்டுப் பார்சலை வாங்க மறுத்தார்கள்.

"நேத்து விடியவே கொண்டு போனது. கால் நல்லா மோசம்," என்றார் காவலர். "அங்க ஊசி போடுவாங்க. பயப்பட வேணாம்."

ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் பையைத் திறந்தேன். வழக்கறிஞரிடம் காட்டுவதற்காக அன்று கொப்பியைக் கொண்டுவந்திருந்தேன். பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அட்டையில், அண்ணனின் பெயருக்குக் கீழே, சிவப்பு மையில் ஒரு வரி: பெனிசிலின் கொடுக்கக் கூடாது.

இருபது வயதில் அந்த ஊசியால் முகம் வீங்கி, மூச்சு முட்டி, மயிரிழையில் பிழைத்தவர் அண்ணன். அதன் பிறகு ஒவ்வொரு புதுக் கொப்பியிலும் டாக்டர்மார் முதலில் எழுதுவது அதைத்தான். எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்று அட்டையில் எழுதுவார்கள். அண்ணனுக்கு மருந்தின் பெயர் தெரியாது. சிங்களமும் சரியாக வராது. இதில் காய்ச்சல் வேறு.

அட்டையைக் காவலரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அழுகையும் கத்தலுமாக எதையோ சொன்னேன். அவர் அந்த வரியைப் படித்தார். உள்ளே ஓடினார்.

ஜன்னல் வழியாக அவர் தொலைபேசியில் பேசுவது தெரிந்தது. முதலில் நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, சத்தமாகப் பேசினார். பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வெளியே வந்தபோது தாம் உட்காரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தனை மாதமாக அந்த வாசலில் எங்களில் யாருக்கும் யாரும் கதிரை தந்ததில்லை. அதை என் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நங்கி தனியவா வந்தது?"